மூடியைத் தூக்கினால் நிற்க வேண்டும்

என் தங்கை வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். நான் அவற்றுக்கு உதிரிபாகம் விற்பவன். பெண்ணைக் கொடுத்து வாடிக்கையாளரைப் பிடித்தவன் என்று கடைத்தெருவில் என்னைக் கேலி செய்வார்கள். இருபத்தோரு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மற்ற மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் சலவை. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவ்வளவுதான். ஒல்லியான ஆள். எந்த நேரத்தில் பார்த்தாலும் கால்சட்டையின் இரண்டு முட்டியும் நனைந்திருக்கும், ஏனென்றால் அவருடைய வேலை முக்கால்வாசி சிந்திய தண்ணீரில் மண்டியிட்டுத்தான். மனிதர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். மெஷினிடம் பேசுவார். என் தங்கை அவரோடு சண்டை போட வேண்டுமென்றால் முதலில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பாள், இல்லையென்றால் அவர் காது அங்கேதான் இருக்கும்.

அவருக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். தண்ணீர் அப்படியே நிற்கிறது, டிரம் சுற்ற மாட்டேன் என்கிறது, துணியெல்லாம் உள்ளே ஊறிக் கிடக்கிறது. மற்றவர்கள் போன உடனே மெஷினைக் கவிழ்த்து உறுப்பு உறுப்பாகக் கழற்றுவார்கள். இவர் குந்தி உட்கார்ந்து, நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் போட்டது என்று வீட்டு அம்மாவிடம் கேட்பார். அப்புறம் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார். கூட்டும்போது மெஷினைச் சுவரோடு தள்ளியிருப்பார்கள், தண்ணீர்க் குழாய் மடிந்து நசுங்கியிருக்கும். நிமிர்த்திவிட்டால் வேலை முடிந்தது. அது இல்லையென்றால் தண்ணீர் வெளியேறும் வழியில் கையை விட்டுத் துழாவுவார். ஹேர்பின், சட்டைப் பட்டன், குழந்தையின் ஒற்றைக் காலுறை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதுவும் இல்லையென்றால்தான் மூடி ஸ்விட்சுக்குப் போவார்.

இந்த ஸ்விட்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மேல்பக்கம் மூடி உள்ள மெஷினில், மூடிக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் ஒளிந்திருக்கும். மூடி மூடியிருந்தால் அது அழுந்தியிருக்கும். யாராவது தூக்கினால் அது விடுபடும், மெஷின் உடனே பிரேக் போட்டு டிரம்மை நிறுத்திவிடும். இந்த ஸ்விட்ச் கெட்டுப்போனால், மூடி எப்போதும் திறந்தே கிடப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். துவைக்கும், ஆனால் தண்ணீரை வெளியேற்றிப் பிழிகிற கட்டம் வந்ததும் அடம்பிடித்து நின்றுவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்விட்சுக்கு வருகிற இரண்டு ஒயரையும் வெட்டி ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றிவிட்டால் போதும். மூடி எப்போதும் மூடியிருப்பதாக மெஷின் நம்பிவிடும், ஜம்மென்று ஓடும். ஒரே ஒரு வித்தியாசம், மூடியைத் தூக்கினாலும் நிற்காது. நிமிடத்துக்கு எழுநூறு சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். என் கடை வாசலில் வைத்து இந்தக் குறுக்குவழிக்காக மற்ற மெக்கானிக்குகளை மாப்பிள்ளை கிழித்துத் தோரணம் கட்டியதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பேசாத மனிதர் அந்த ஒரு விஷயத்துக்கு வாய் திறப்பார். அப்படிப்பட்டவரே ஒரு தடவை அதைச் செய்தார்.

மூன்றாவது மாடியில் ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். டீச்சரின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், தினமும் நாலைந்து படுக்கை விரிப்பாவது துவைக்க வேண்டும். மாப்பிள்ளை போனபோது டிரம் நிறைய அழுக்குத் தண்ணீரும் விரிப்புகளும் அப்படியே நின்றிருந்தன. ஸ்விட்ச்தான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தார். அதிகம் விற்காத மாடல், என்னிடம் இல்லை. ரெண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன், வந்ததும் சொல்கிறேன் என்றேன். டீச்சர் கெஞ்சியிருக்கிறார், அந்த ரெண்டு நாள் அப்பாவை எதன்மேல் படுக்கவைப்பது என்று கேட்டிருக்கிறார். உள் அறையிலிருந்து பெரியவர் முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். மாப்பிள்ளை ஒயரை முறுக்கிவிட்டார். சத்தம் முழுக்க அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது, ரெண்டே நாளில் வந்து ஸ்விட்ச் மாட்டிவிடுகிறேன் என்று நாலு தடவை சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. என்ன சண்டை என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளை வேறு வாடகை வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு பெல்ட்டுக்கு ஆர்டர் சொல்கிற போனில் “அப்புறம் மச்சான், வீடு மாறுறோம்” என்று வாலில் கட்டிச் சொன்னார். நான் அவளுக்கு அண்ணன். நேரில் வந்து சொல்ல வேண்டாமா? அடுத்த வீடு மாறும்போது சொன்னால் போதுமே, இப்போது என்ன அவசரம் என்று கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து மாப்பிள்ளை முறுக்கு ஆரம்பமானது. ஊரின் அந்தக் கோடியிலுள்ள இன்னொரு கடைக்குப் போய்ச் சாமான் வாங்க ஆரம்பித்தார். நானும் இறங்கி வரவில்லை. முறுக்கு அவருக்கு மட்டும் எழுதிவைத்ததா என்ன?

மூன்றாவது நாள் பார்சல் வந்தது. ஸ்விட்ச் இருந்த சின்ன அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால் ‘மாப்பிள்ளை’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். எடுத்தேன், வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் அவரே வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: வந்தால் சொல்கிறேன் என்று கடைக்காரன் சொல்லிவிட்டால் மெக்கானிக் மறுபடி கேட்க மாட்டான், கேட்பது நம்பாததுபோல ஆகிவிடும். மச்சானிடம் என்றால் சுத்தமாகக் கேட்க மாட்டான். ஆக, நான் சொல்லாததால் ஸ்விட்ச் இன்னும் வரவில்லை என்று அவர் நினைத்தார். அவர் கேட்டு வரவில்லையே என்று நான் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. ஓடுகிற மெஷினைப் பற்றி யார் போன் செய்வார்கள்?

ஐந்தாவது மாதம் வேறொரு மெக்கானிக் அவசரமாக அதே ஸ்விட்சைக் கேட்டு வந்தான். பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் என் தங்கை எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். முறுக்கு தீர்ந்தது. சேர்ந்து சாப்பிட்டோம். ஸ்விட்சைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் அது பொய். சொன்னால் மறுபடி முறுக்கிக்கொள்வாரே என்று பயந்தேன்.

மூன்று வருடம் போனது.

மெஷின்களைத் தூக்கித் தூக்கி மாப்பிள்ளையின் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் காலையில் போய்வந்தார். கையை இழுத்துவிடும்போது அந்த ஆள் பேச்சுக்கொடுத்து, என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், போன வருடம் ஒரு அம்மா வந்ததாகவும், வாஷிங் மெஷின் சுற்றும்போது கையை விட்டு இரண்டு விரல் போய்விட்டதாகவும் சொன்னார். மூடியைத் தூக்கினால் நின்றுவிடுமே, அப்படி நடக்க வாய்ப்பில்லையே என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நிற்கவில்லையாமே என்றாராம் அந்த ஆள், சர்வசாதாரணமாக. பேரும் ஊரும் அவருக்கு ஞாபகம் இல்லை.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மச்சான், அந்த டீச்சர் வீட்டு ஸ்விட்ச் வந்துச்சா?”

எந்த டீச்சர் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். அவர் விவரம் சொல்லி முடிப்பதற்குள் பதிலைத் தயார் செய்துவிட்டேன்.

“அது அப்பவே வரல மாப்ள. கம்பெனியிலேர்ந்தே அனுப்பல.”

தலையை ஆட்டினார். “நான் கேட்டிருக்கணும்,” என்றார். “நீங்க நூறு வேலையில இருக்கிறவர். நான்தான் கேட்டிருக்கணும்.” அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரில் உங்களைவிட்டால் மெக்கானிக்கே இல்லையா, எவன் முறுக்கிய ஒயரோ, நீங்கள் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று வேறு கேட்டேன். ஆறுதல் சொல்வதுபோல. எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது.

அன்றே அந்த மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறார். வேறு யாரோ குடியிருந்தார்கள். டீச்சர் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதோடு மாப்பிள்ளையை அந்த மெஷின் பிடித்துக்கொண்டது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவில் போகும்போது எந்த ஜன்னலிலிருந்தாவது மெஷின் சுற்றும் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுவார். யாராவது நடுவில் மூடியைத் தூக்குகிறார்களா, தூக்கினால் சத்தம் அறுகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். அடுத்தவன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பட்டப்பகலில் ஒருத்தன் அசையாமல் நின்றால் சும்மா விடுவார்களா? இரண்டு இடத்தில் சண்டைக்கு வந்தார்கள். இன்னும் சில வீடுகளில் இவரே கதவைத் தட்டி, உங்கள் மெஷின் மூடியைத் தூக்கினால் நிற்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஏதோ விற்க வந்தவன் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

வேலையும் கெட்டது. டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பார், சட்டென்று பின்வாங்குவார். முழுக்கைச் சட்டை ஒன்று பிழிபட்டு டிரம்மோடு ஒட்டிக் கிடக்கும். அந்தச் சட்டையின் கை, கையாகவே தெரிந்ததாம். துணியைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் அவரால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க முடியும். தன் வீட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி அலமாரிமேல் வைத்துவிட்டார். ஊர் மெஷினையெல்லாம் ஓடவைக்கிறவர் வீட்டில் நான் கல்லில் அடித்துத் துவைக்கிறேன் என்று என் தங்கை என்னிடம் வந்து ஒரு பாட்டம் திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள். “அவருக்கு என்னமோ ஆயிடுச்சுண்ணா. சாப்பிடும்போது என் விரலையே பாக்குறார். எண்ணுற மாதிரி பாக்குறார்.”

அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். கடையில் ஸ்விட்ச் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அந்தத் தட்டு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டி எடுக்கப் பழகினேன். நாலு தடவை தப்பான பெட்டியைக் கொடுத்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதும் பொய் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை சொல்லிவிட்ட பொய்யை எடுத்து வைக்க இடமில்லை.

மாப்பிள்ளை விடவில்லை. ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய் விசாரித்து, இரண்டு மாதத்தில் அந்த டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டார். அப்பா இறந்துவிட்டார், அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டாலே அப்பா ஞாபகம் வந்தது, அதனால் விற்றுவிட்டோம் என்றாராம் டீச்சர். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, நீங்கள் நல்லா இருக்கணும் என்று வாழ்த்தி வேறு அனுப்பியிருக்கிறார். அவர்களிடம் வாங்கிய பழைய சாமான் வியாபாரி, அதை வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலுக்கு விற்றதாகச் சொன்னார். ஹாஸ்டலை மூடிவிட்டிருந்தார்கள். கட்டடத்தின் காவலாளி மட்டும் அப்படியே இருந்தார். மூடும்போது அந்த மெஷினைச் சமையல்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், அப்புறம் அந்த அம்மாவுக்குக் கையில் ஏதோ ஆகிவிட்டதாகக் கேள்வி என்றும் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும்போது என் முன்னால் நின்றார். தனியாகப் போக முடியவில்லை, கூட வாங்க மச்சான் என்றார். நான் ஷட்டரை மறுபடி இறக்கினேன். அவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். வழியெல்லாம் கருவிப்பை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

வரிசையாக ஓர் அறை, ஒரு சமையலறை என்று கட்டிய வீடுகள். அந்த அம்மாவின் வீடு கடைசியில். வாசலில் தகரக் கூரைக்குக் கீழே, குழாயை ஒட்டி மெஷின் நின்றது. அந்த மாடலைப் பார்த்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். இருபத்தோரு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் இரண்டாவது தடவை, முதல் தடவை கல்யாணத்தன்று.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்குமேல் இருக்கும். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே பேசினாள். மெஷினைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மட்டும் மாப்பிள்ளை சொன்னார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நல்லாத்தான் ஓடுது என்றாள். மாப்பிள்ளை காலி டிரம்மைச் சுற்றவிட்டார். வேகம் ஏறியதும் மூடியைத் தூக்கினார். டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்த வாய்க்குள் சாம்பல் நிறமாக ஏதோ ஓடுவது மட்டும் தெரிந்தது. அந்த அம்மா சுவர்வரை பின்னால் போய்விட்டாள்.

“மூடிடுங்கண்ணா,” என்றாள். “கையை விட்டுடாதீங்க. அது அப்படித்தான் சுத்தும்.”

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினார். அது நிற்க நெடுநேரம் ஆனது. அந்த நேரத்தில் அவளாகவே சொன்னாள். ஹாஸ்டலிலிருந்து மெஷின் வந்த மூன்றாவது வாரம், அவசரத்தில் மூடியைத் தூக்கித் துண்டை எடுக்கக் கையை நீட்டினாளாம். துண்டு விரலில் சுற்றிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கத்தி பிடிக்க வராது, பெரிய பாத்திரம் தூக்க வராது என்று சமையல் வேலை போனது. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், கெட்டவர் இல்லை, ஆனால் பயந்துபோனவர். நிற்பதற்குள் கையை விட்டவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவளை அடுப்புப் பற்றவைக்க விடுவதில்லை, தீப்பெட்டியை எடுத்து மேலே வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மகளும் இப்போது அப்பா மாதிரியே, அம்மா நீ தொடாதே என்கிறாள்.

“அவங்க சொல்றதும் சரிதான்,” என்றாள். “என் புத்திதான் அன்னைக்கு எங்கயோ போயிடுச்சு. இப்பல்லாம் சத்தம் நின்னப்புறம் நூறு எண்ணிட்டுத்தான் திறப்பேன்.”

மாப்பிள்ளை பின்பக்கப் பலகையைக் கழற்றினார். டேப் சுற்றிய அந்த முடிச்சு அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க மேல தப்பு இல்லம்மா. மூடியைத் தூக்கினா இந்த மெஷின் நின்னிருக்கணும். நிக்காதபடி செஞ்சவன் நான்.”

எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் வீட்டையும் ரெண்டு நாள் என்று சொன்னதையும் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திட்டுவாள், அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவாள், செருப்பைக்கூட எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

“உக்காருங்க. அவர் பன்னெண்டு மணிக்கு வருவார். அவர் முன்னாடி சொல்லுங்க.”

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் வாசலிலேயே நின்றாள், நாங்கள் எழுந்து ஓடிவிடுவோமோ என்று காவல் காப்பதுபோல. மாப்பிள்ளை முட்டியின்மேல் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். உதடு அசைந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். போய்விடலாம், கடை பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு காரணம்கூடக் கையில் இருந்தது. அவரே அதைத்தான் சொன்னார், நீங்க கிளம்புங்க மச்சான், கடையில ஆள் வருவாங்க என்றார். எழுந்தும்விட்டேன். அந்த அம்மா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள், அப்போதுதான் அந்தக் கை முழுதாகத் தெரிந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்தார். நடுவயதுக்காரர், களைத்த முகம். யார் இவர்கள் என்று அவர் கேட்பதற்குள் அவள், “இப்ப சொல்லுங்கண்ணா,” என்றாள்.

மாப்பிள்ளை எழுந்தார். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தார். அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“நிறுத்துங்க மாப்ள,” என்றேன். “ஸ்விட்ச் மூணாவது நாளே வந்துச்சு. உங்க பேரை எழுதி வெச்சிருந்தேன். நீங்களா வந்து கேட்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் பேரை அழிச்சிட்டு வேற ஆளுக்கு வித்துட்டேன்.”

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். “வந்துச்சா?” என்றார். வந்தது என்றேன். வீடு மாறியதை நேரில் சொல்லாத கோபத்தில்தான் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன். அந்த வாசலில் வைத்துச் சொல்லும்போது அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதை இப்போதுவரை என்னால் எழுத முடியவில்லை. டிரைவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் அடிக்கவில்லை. பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார், என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை மண்டியிட்டார். பையிலிருந்து புது ஸ்விட்சை எடுத்தார், என் கடையில் வாங்கியது இல்லை. முடிச்சை வெட்டினார். கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

“கடைக்காரரே, அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். மச்சான் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இன்றுவரை இல்லை.

மாட்டி முடித்ததும் டிரம்மைச் சுற்றவிட்டார். வேகம் ஏறியது. அந்த அம்மாவைப் பார்த்து, நீங்கள் தூக்குங்கள் என்றார். அவள் வரவில்லை. டிரைவர் நான் தூக்குகிறேன் என்று முன்னால் வந்தார். அப்போதுதான் அவரை விலக்கிவிட்டு வந்தாள். இடது கையை நீட்டினாள், அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். மூன்று விரலால் மூடியைத் தூக்கினாள். பிரேக் பிடித்தது, இரண்டு மூச்சு விடுவதற்குள் டிரம் நின்றுவிட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தூக்கினாள். நின்றது. மூடினாள். எங்கள் மூவரையும் அவள் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரியும்படி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டு மறுபடி தூக்கினாள். நின்றது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, டிரைவர், போதும் விடும்மா என்றார்.

“இருங்க,” என்றாள் அவள், மூடியை மூடிக்கொண்டே. “ஒன்றரை வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னீங்களே. நான் போதும்னு சொன்னேனா?”